வற்றாப்பளைப் பொங்கலுக்கு வள்ளத்தில் செல்வோருக்கு

வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடைபெறும். அதற்கு ஒரு வாரம் முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். விளக்கேறியதும் வள்ளத்தை ஆயத்தப்படுத்தத் தொடங்கினால் காலம் போதும்.

நந்திக்கடல் என்னும் கடலோரக் களப்பின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே கோயிற்கரைக்குக் குடும்பத்தோடு சென்று, ஓர் இரவு தங்கித் திரும்புவோரை மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். நந்திக்கடல் 2017ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது என்பதால், வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தாரிடம் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு: எந்த இடத்தில் எவருடைய வலை நிற்கிறது, எந்தப் பக்கம் நீர் வற்றிவிட்டது என்பதை அவர்களைவிட நன்கறிந்தோர் இல்லை.

இப்பயணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்றுத்தான். வைகாசியில் சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். விடியற்காலையில் தணிந்திருந்து, வெயில் ஏற ஏற வலுத்து, பிற்பகலில் நீரைக் குமுறச் செய்யும். கிழக்குக் கரையிலிருந்து புறப்படுவோர் அதற்கு எதிராகவே செல்ல வேண்டியிருப்பதால், கிழக்கு வெளுக்கும்போதே வள்ளத்தைத் தள்ளிவிட வேண்டும். கோயிற்கரையை நெருங்கியபின் நிலமும் மரங்களும் காற்றை மறைப்பதால் அலை அடங்கிவிடும். அதை நம்பி நடுப்பகலில் புறப்படுவோர் நடுக்களப்பில் நனைந்து நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்; குழந்தைகளோடு அந்தத் துணிவு வேண்டாம்.

ஆழத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. களப்பின் நீர்மட்டம் மாரி மழையையும் வட்டுவாகல் முகத்துவாரம் திறந்திருப்பதையும் பொறுத்தது. ஆகையால் மழை குறைந்த ஆண்டில், சென்ற ஆண்டு மிதந்த இடத்திலேயே வள்ளம் சேற்றில் ஏறிவிடும். கரை தெரியும் தூரத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டு, நீண்ட கம்பால் ஊன்றிச் செல்லுங்கள். தடி நட்ட இறால் வலைகளை வெகுவாகச் சுற்றிச் செல்லுங்கள். எஞ்சினின் சுழலியில் சிக்கிக் கிழிவது இன்னொரு வீட்டின் சோறு.

வள்ளம் தாங்கும் அளவுக்கு மேல் எவரையும் ஏற்றாதீர்கள். உறவினர் மனம் நோகுமே என்று இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவர் உட்பட எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். மீன்பிடி வள்ளமாயின் முதல்நாளே நன்றாகக் கழுவி, மஞ்சள்நீர் தெளித்து, மச்சம் எதுவும் இல்லாமல் கொண்டுவாருங்கள். குடிநீரும் பொங்கற்பானையும் நடுவில் தாழ வைக்கப்பட்டால் வள்ளம் ஆடாது.

கரையில் இறங்கும்போது காலை இழுத்து நடக்காமல் பார்த்து வையுங்கள். 2009ஆம் ஆண்டின் போர் இந்நீரின் கரைகளில்தான் முடிந்தது. சேற்றில் இனந்தெரியாத இரும்பு தென்பட்டால் தொடாமல் விலகி, காவல்துறையின் 119 எண்ணுக்கு அறிவியுங்கள். காயமோ மயக்கமோ ஏற்பட்டால் 1990 எண்ணை அழைத்து நோயாளர் காவு வண்டியைப் பெறலாம்.

மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கித் தங்கிச் சென்ற இடங்களில் இது பத்தாவது என்றும், பத்தாம்பளை என்ற பெயரே வற்றாப்பளையாக மருவியது என்றும் முதியோர் சொல்வர். அவள் தங்கிய கரையில் நாமும் ஓரிரவு தங்குகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே இருக்கிறது. காவடிகளும் பாற்செம்புகளும் பகலெல்லாம் வந்துகொண்டிருக்கும், பொங்கலோ இரவில்தான். எனவே பிள்ளைகளைப் பகலில் நிழலில் உறங்கவிட்டு, வள்ளத்தருகே பெரியவர் ஒருவரை மாறிமாறி இருத்துங்கள்.

இரவில் திரும்ப நினைப்போர் நிலவைக் கணக்கிட வேண்டும்: பொங்கல் திங்கட்கிழமை பூரணைக்கு முன்னர் வந்தால் நிலவு விடியுமுன் மறையும், பின்னர் வந்தால் பொழுதுபட்டபின் தாமதித்தே எழும். என் பரிந்துரை செவ்வாய் விடியற்காலைதான். அப்போது காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால் வள்ளம் நினைப்பதைவிட விரைவாக ஓடும். கிழக்குக் கரை அலை வாங்கும் கரையாதலால், முழங்கால் நீரிலேயே வேகத்தை முற்றாகக் குறைத்து, ஆண்கள் இருவர் முதலில் இறங்கி வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தைப் பிடித்த பின்னரே குழந்தைகளை இறக்குங்கள்.