பாதி ஆட்டத்தில் டிக் அடிக்காதீங்க: லீக் சுற்றில் நாம் செய்கிற தப்புகள்

சோமனூரில் எங்கள் தெருமுக்கு பேக்கரியில், உலகக் கோப்பை கால்பந்து வந்தால் ஓர் அட்டை தொங்கும். கோன் நூல் வருகிற பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டு, குரூப் வாரியாகப் பாயின்ட் எழுதுவது என் வேலை. ராத்திரி வீட்டிலேயே எழுதி முடித்து, விடியக்காலை கொண்டுபோய் மாட்டிவிடுவேன். தறிக்குடோனில் நைட் ஷிஃப்ட் முடித்து டீக்கு வருகிறவர்கள் போனைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த அட்டையைப் பார்த்துவிடுவார்கள்.

2022 டிசம்பர் 2 காலையில் அந்த அட்டையில் 'இ' குரூப்பில் அடுத்த சுற்றுக்குப் போகிற இரண்டு அணிகள் என்று ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் பெரிதாக டிக் அடித்து மாட்டியிருந்தேன். டீ ஆற்றிக்கொண்டே பேக்கரி அண்ணன் கேட்டார்: "ஏந்தம்பி, ஜெர்மனிக்காரன் பெட்டி கட்டீட்டானாமா, நீ டிக்கு போட்டு வெச்சிருக்கிற?"

நடந்தது இதுதான். முதல் பாதி முடிந்தபோது ஜப்பானை ஸ்பெயின் 1-0, கோஸ்டா ரிகாவை ஜெர்மனி 1-0 என்று முந்திக்கொண்டிருந்தன. நள்ளிரவு 12:30-க்கு ஆரம்பித்த ஆட்டம், கண் சொக்கியது. 'இனி என்ன ஆகப்போகுது' என்று டிக் அடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். படுத்த பிறகு 48-வது நிமிடமும் 51-வது நிமிடமும் ஜப்பான் கோல் அடித்து ஸ்பெயினை முந்தியது. அங்கே கோஸ்டா ரிகா 70-வது நிமிடத்தில் 2-1 என்று ஜெர்மனியைத் தாண்டியது. அந்த மூன்று நிமிடம் ஸ்பெயினும் ஜெர்மனியும் சேர்ந்தே வெளியில் நின்றன. பிறகு ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் பிரயோசனமில்லை. ஸ்பெயினுக்கும் அதற்கும் ஆளுக்கு 4 பாயின்ட், கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கியதைக் கழித்தது) ஸ்பெயினுக்கு +6, ஜெர்மனிக்கு +1. முதல் ஆட்டத்தில் கோஸ்டா ரிகாவை ஸ்பெயின் 7-0 என்று அடித்தபோது "இத்தனை எதுக்குங்க, பாவம்" என்று சொன்னவன் நான். அந்த ஏழு கோல்தான் கடைசியில் ஸ்பெயினைக் காப்பாற்றியது.

ஆகவே கடைசி நாளில் ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துவதற்குப் பின்னால் ஒரு பழைய கறை இருக்கிறது. 1982-ல் ஸ்பெயினின் ஹிகோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே குரூப்பில் இருந்த அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால், என்ன ஸ்கோர் வந்தால் இரண்டு பேரும் மேலே போகலாம் என்று இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடம் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு பந்தை நடுவில் உருட்டிக்கொண்டே பொழுதை ஓட்டினார்கள். 1-0. ஜெர்மனியையே 2-1 என்று தோற்கடித்திருந்த அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அடுத்த உலகக் கோப்பையில், 1986-ல், கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்துக்கு மாற்றினார்கள்.

இந்தப் பதற்றத்தை அனுபவிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் போதும். அந்த சீசனில் கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு கடைசி ஆட்டம் ஆடியது. அதே நேரம் கோழிக்கோட்டில், கோப்பைக்குப் போட்டி போட்ட ஈஸ்ட் பெங்கால். கண் கோவையில், காது கோழிக்கோட்டில். சென்னை சிட்டி முதலில் கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்து, 43-க்கு 42 என்று ஒரே பாயின்டில் இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை எடுத்தது. அதுவாவது இருபது ஆட்டம் ஓடுகிற லீக். ஒரு நாள் சறுக்கினால் பின்னால் ஈடுகட்ட இடம் உண்டு. உலகக் கோப்பை குரூப்பில் ஆளுக்கு மூன்றே ஆட்டம்.

கிரிக்கெட் கண்ணோடு பார்க்கிற தப்பு

நமக்கெல்லாம் ஐபிஎல்லில் பழகின கண். பாயின்ட் சமமா, நெட் ரன் ரேட்டைப் பார், கதை முடிந்தது. அதே கண்ணோடு கால்பந்து டேபிளைப் பார்த்து, கோல் வித்தியாசம் யாருக்கு அதிகமோ அவன்தான் மேலே என்று நினைத்துக்கொள்கிறோம். 2022 உலகக் கோப்பையில் அது சரி. யூரோ கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் சரியில்லை. அங்கே பாயின்ட் சமமானால், அந்த அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதுதான் முதல் கேள்வி. 2026 உலகக் கோப்பைக்கு, அதை நடத்துகிற ஃபிஃபாவும் அந்த முறைக்கே மாறியது: முதலில் நேருக்கு நேர் முடிவு, பிறகுதான் மொத்த கோல் வித்தியாசம்.

இதன் வலி நமக்குத் தெரிந்ததுதான். 2019 ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. அடுத்து ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2 தோல்வி. ஜனவரி 14, ஷார்ஜாவில் பஹ்ரைனோடு கடைசி ஆட்டம். தொண்ணூறு நிமிடம் வரை 0-0. அப்படியே முடிந்திருந்தால் இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஆளுக்கு 4 பாயின்ட், நேரடி ஆட்டத்தில் ஜெயித்தது இந்தியா, ஆகவே குரூப்பில் இரண்டாம் இடம். தொண்ணூறுக்குப் பிந்தைய கூடுதல் நிமிடத்தில் ஒரு ஃபவுல், பெனால்டி, கோல். இந்தியா கடைசி இடத்துக்கு விழுந்தது.

முடிந்த பிறகு அந்த டேபிளைப் பாருங்கள். அமீரகம் 5 பாயின்ட். தாய்லாந்து 4, கோல் வித்தியாசம் மைனஸ் 2. பஹ்ரைன் 4, வித்தியாசம் பூஜ்யம். இந்தியா 3, அதற்கும் பூஜ்யம். மைனஸ் 2 வைத்திருக்கிற தாய்லாந்து எப்படி பஹ்ரைனுக்கு மேலே? தங்களுக்குள் மோதியபோது 1-0 என்று ஜெயித்திருந்தது. இந்தியா அடித்த கோல் நான்கு, முதலிடம் பிடித்த அமீரகம் அடித்ததும் நான்கு. ஆனால் நம் நான்கும் ஒரே நாளில் அடித்தவை. அன்றைக்கு அட்டையில் இந்த நாலு வரியையும் எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டி தொடங்குமுன் சமநிலை விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஃபிஃபா தளத்தில் கிடைக்கும். போன கோப்பையில் இப்படித்தானே இருந்தது என்று மனப்பாடத்தை நம்பி பெட் கட்டி டீக்காசு இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் இடம் என்றால் முடிந்துவிட்டதா?

32 அணிகள் ஆடிய காலத்தில் முதல் இரண்டு பேர் மேலே, மற்றவர் வீட்டுக்கு. 48 அணிகள் வந்த பிறகு அந்தக் கணக்கு பொருந்தாது. நான்கு அணிகள் கொண்ட 12 குரூப். முதல் இரண்டு இடத்தில் 24 பேர். மூன்றாம் இடக்காரர்களில் சிறந்த 8 பேர். ஆக 72 ஆட்டம் ஆடி வீட்டுக்கு அனுப்புவது 16 பேரைத்தான். ஓர் ஆட்டம் தோற்ற உடனே நாம்தான் அவசரப்பட்டு அவர்களுக்குக் காரியம் செய்துவிடுகிறோம்.

வேறு வேறு குரூப்பின் மூன்றாம் இடக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதியிருக்க மாட்டார்கள். அதனால் அங்கே நேருக்கு நேர் கணக்கு கிடையாது. பாயின்ட், அடுத்து கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல். ஒரே அணிக்கு இரண்டு வரிசையில் இரண்டு விதமான கணக்கு ஓடும். 0-3 என்று தோற்றுக்கொண்டிருக்கிறவன் கடைசி நிமிடத்தில் ஒரு கோலுக்கு அப்படி ஓடுவதைப் பார்த்து "இனி ஓடி என்னத்துக்கு" என்று சிரிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2016 யூரோவில் போர்ச்சுகல் மூன்று ஆட்டமும் டிரா, 3 பாயின்டோடு மூன்றாம் இடம், கடைசியில் கோப்பை. அதிலும் ஒரு வேடிக்கை. அந்த குரூப்பின் கடைசி நிமிடத்தில் ஐஸ்லாந்து கோல் அடித்து போர்ச்சுகலை இரண்டாம் இடத்திலிருந்து கீழே தள்ளியது. தள்ளியது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த சுற்று அட்டவணையின் எதிர்ப்பக்கத்தில் பெரிய அணிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, போர்ச்சுகலுக்கு லேசான பாதை கிடைத்தது. 1982-ல் இத்தாலியும் மூன்று டிராவோடு, கேமரூனைவிட ஒரே ஒரு கோல் அதிகம் அடித்திருந்ததால் தப்பித்து, கோப்பையைத் தூக்கியது. 2010-ல் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடமும், 2022-ல் அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடமும் முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டுத்தான் சாம்பியன் ஆயின.

அதற்காக டிரா எல்லாமே புண்ணியம் என்றும் சொல்ல முடியாது. அதே 2010-ல் நியூசிலாந்தும் மூன்று டிரா. அந்தக் கோப்பையில் தோற்காமல் ஊர் திரும்பிய ஒரே அணி அதுதான், ஆனால் லீக் சுற்றோடு. 1994-லிருந்து உலகக் கோப்பையில் வெற்றிக்கு 3 பாயின்ட். மூன்று டிராவும் ஒரு வெற்றியும் எடையில் ஒன்று.

மஞ்சள் அட்டையைக் கணக்கில் விடுவது

2018-ல் ஜப்பானுக்கும் செனகலுக்கும் எல்லாமே சமம்: 4 பாயின்ட், அடித்தது 4, வாங்கியது 4, தங்களுக்குள் 2-2. அப்படியானால் மஞ்சள் அட்டை (தப்பாட்டத்துக்கு நடுவர் காட்டுகிற எச்சரிக்கை) குறைவாக வாங்கியவன் மேலே. ஜப்பான் 4 வாங்கியிருந்தது, செனகல் 6. இது தெரிந்துதான் ஜப்பான், போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தும், கடைசிப் பத்து நிமிடம் பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேடியமே ஊளையிட்டது. பேக்கரியிலும் திட்டினார்கள். எனக்கென்னவோ அதில் கோபம் வரவில்லை. தன் ஆட்டத்தில் செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் தொலைந்திருக்கும், அந்தத் துணிச்சலும் ஒரு ஆட்டம்தான். அடுத்த ஆண்டே ஆசியக் கோப்பையில் லெபனானை இதே அட்டைக் கணக்கில்தான் வியட்நாம் தாண்டியது.

சில்லறைத் தப்புகள் இரண்டு. லீக் சுற்றில் எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டி ஷூட் அவுட்டும் கிடையாது. 90 நிமிடமும் கூடுதல் நிமிடங்களும் முடிந்தால் டிராதான். இன்னொன்று தேதி. அமெரிக்கக் கண்டத்தில் நடக்கிற கோப்பைக்கு அவர்கள் தேதியை நம் காலண்டரில் எழுதினால் ஆட்டம் போய்விடும். 2026-ன் தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் ஜூன் 11 பகல் என்றால், நமக்கு ஜூன் 12, நள்ளிரவு 12:30. வியாழக்கிழமை ராத்திரி முழித்திருக்க வேண்டியவன் புதன்கிழமை ராத்திரியே டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அட்டையில் இப்போது டிக் போடுவதில்லை. பென்சிலில் எழுதுகிறேன். பேக்கரி அண்ணன் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்: "அப்படியே ஒரு ரப்பரும் கட்டித் தொங்கவுடு தம்பி." கட்டியிருக்கிறேன், பாவு நூலில்.