ஒரு விசில், ஒரு கிட்டார்: இருவராகக் கெல்டிக், மறுமலர்ச்சிக் கால இசை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

அயர்லாந்தின் நடன மெட்டுகளும் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நடன இசையும் கேட்பவருக்கு ஒரே குடும்பம் போலத் தோன்றும். இரண்டையும் ஒரே கச்சேரியில் வாசிக்கும் இருவர் குழுக்கள் மேற்கில் நிறைய உண்டு. வாசிக்க உட்கார்ந்தால்தான் இரண்டும் கையையும் நாக்கையும் வெவ்வேறு விதமாகக் கேட்பது தெரியும். ஒருவர் டின் விசில் (ஆறு துளை கொண்ட சிறு குழல்), மற்றவர் கிட்டார் என்று வைத்துக்கொண்டு இந்தச் செய்முறையை எழுதியிருக்கிறோம். கிட்டார்காரருக்கு அடிப்படைக் கார்டுகள் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள்: எந்தச் சுருதியில் வாசிப்பது என்பதை விசில்தான் தீர்மானிக்கும். கிட்டார் எங்கும் நகரும். ஆறு துளை விசில் நகராது.

படி 1: விசில்

டி சுருதி விசில் வாங்குங்கள். ராபர்ட் கிளார்க் 1843இல் தகரத்தைச் சுருட்டிச் செய்யத் தொடங்கிய பாணி விசில் இன்றும் கிடைக்கிறது. அதன் தொனி அழகு. ஆனால் அதன் வாய்ப்பகுதி குழலோடு ஒன்றாகவே இருப்பதால் சுருதியைச் சரிசெய்ய வழியில்லை. தனியாக வாசிக்க அது போதும். கிட்டாரோடு சேர வேண்டுமானால் உருளைக் குழலில் பிளாஸ்டிக் மவுத்பீஸ் மாட்டிய வகையே சரி. மவுத்பீஸ் பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்த முனையை மட்டும் சுடுநீரில் அரை நிமிடம் வைத்து மெல்லத் திருகுங்கள், கழன்றுவிடும். அதை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும்.

குளிர்ந்த விசில் சுருதி குறைந்தே பேசும். இரண்டு நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே டியூனர் செயலியைத் திறங்கள். மிகக் கீழ் டி-யை வைத்துச் சரிபார்க்காதீர்கள். மூச்சு கொஞ்சம் மாறினாலே அது ஏறி இறங்கும். நடுவிலுள்ள ஏ-யை வைத்துப் பாருங்கள்.

ஆறு துளையும் மூடினால் டி. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப். நம் கணக்கில் டி-யை சட்ஜமாக வைத்த சங்கராபரணம். மேல் துளையைத் திறந்து இரண்டாவது, மூன்றாவது துளைகளை மட்டும் மூடினால் சி நேச்சுரல். அப்போது அது அரிகாம்போதி. மேல் ஸ்தாயிக்கு அதே விரல்கள், மூச்சில்தான் வேகம். மேல் டி-க்கு மட்டும் முதல் துளையைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கீறும். கீழ் டி கீச்சிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டே: அதிக மூச்சு, அல்லது மோதிர விரல் துளையை முழுதாக மூடாதது.

படி 2: கெல்டிக் மெட்டுகளுக்குக் கிட்டாரை மாற்றுவது

தடித்த கம்பியிலிருந்து டி–ஏ–டி–ஜி–ஏ–டி. வழக்கமான டியூனிங்கிலிருந்து 6ஆம், 2ஆம், 1ஆம் கம்பிகளை முழு ஸ்வரம் இறக்கினால் வந்துவிடும். 1960களில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் வழியாகப் பரவிய டியூனிங் இது. மீட்டினால் சுருதிப் பெட்டி போல டி-யும் ஏ-யும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் இந்த ஐந்து வடிவங்கள் போதும். ஃபிரெட் எண்கள் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு. 0 என்றால் திறந்த கம்பி.

டி: 0-0-0-2-0-0
ஜி: 5-5-0-0-0-0
ஏ: 6ஆம் கம்பியை விட்டுவிட்டு 0-2-2-0-0
ஈ மைனர்: 2-2-2-0-0-0
பி மைனர்: 6ஆம் கம்பியை விட்டுவிட்டு 2-4-4-0-0

டி, ஏ இரண்டையும் கவனியுங்கள். மேஜரா மைனரா என்று சொல்லும் காந்தாரம் அவற்றில் இல்லை. அயர்லாந்து மெட்டுகள் நடுவழியில் சி ஷார்ப்பிலிருந்து சி நேச்சுரலுக்குத் தாவும். ஏ மேஜர் கார்டு பிடித்திருந்தால் அங்கே முட்டும். இந்த வடிவங்களில் முட்டாது.

தொடங்க நல்ல மெட்டு கரோலனின் ‘ஷீ பேக் ஷீ மோர்’. கரோலன் (1670–1738) கண்பார்வை இல்லாத ஐரிஷ் ஹார்ப் கலைஞர். மெட்டு டி மேஜரில், 3/4 தாளத்தில், மெதுவாகப் போவது. மேலே உள்ள ஐந்து கார்டுகளே அதற்குப் போதும். கிட்டார்காரர் மீட்டாமல், பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் அடியில் பேஸ் கம்பி, அடுத்த இரண்டு அடிகளில் மேல் கம்பிகள் என்று விரலால் பறித்தால் விசிலுக்கு இடம் கிடைக்கும்.

படி 3: ஜிக்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அவசரம் வேண்டாம். ஜிக் என்பது ஐரிஷ் நடன மெட்டு வகை. 6/8 ஜிக் என்றால் ஒரு பாருக்கு இரண்டு அடி, அடிக்கு மூன்று: தகிட தகிட. கிட்டார்காரரின் வலது கை கீழ்–மேல்–கீழ், கீழ்–மேல்–கீழ் என்று போக வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துக் கீழ் வீச்சு. அங்கே கை சட்டென்று மேலே திரும்பி வர வேண்டும். அது கஷ்டம் என்று கீழ்–மேல் கீழ்–மேல் என மாற்றி மாற்றி மீட்டினால் இரண்டாவது தகிடவின் தலை மேல்வீச்சில் விழும். அழுத்தம் போய்விடும், ஆடுபவர் கால் வைக்க இடம் தெரியாது.

ஒரு மெட்டு வழக்கமாக 8 பார் முதல் பகுதி இருமுறை, 8 பார் இரண்டாம் பகுதி இருமுறை, ஆக 32 பார். மெட்ரனோமை நிமிடத்துக்கு 64 அடியில் வைத்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நிமிடம். இந்த வேகத்தில் மூன்று சுற்று தடங்கலின்றி வந்த பிறகே நாலு நாலாக ஏற்றுங்கள். ஆட்டத்துக்கான வேகம் 110க்கு மேல். அங்கே ஓடிப் போய் நிற்பதில் லாபம் இல்லை.

விசில்காரர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கைத் தட்டக் கூடாது. மூச்சு தொடர்ந்து ஓட, விரலால் பிரிப்பதுதான் ஐரிஷ் வழி. ஈ இரண்டு முறை வந்தால் நடுவில் இடது மோதிர விரலை மின்னல் வேகத்தில் தூக்கி வையுங்கள். இதற்குப் பெயர் கட். அந்த இடையொலிக்குச் சுருதி கேட்கக் கூடாது, ‘டிக்’ என்ற வெட்டு மட்டும். கர்னாடக இசை பழகியவர்கள் இதைக் கமகமாக இழுத்துவிடுவார்கள். இழுத்தால் ஜிக் நொண்டும்.

படி 4: மறுமலர்ச்சிக் காலம்

இங்கே கிட்டாரை வழக்கமான டியூனிங்குக்குத் திருப்புங்கள். காரணம் எளிது: இந்த இசையின் முடிப்புகளுக்குக் காந்தாரம் வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டையே எடுங்கள். 1580இல் லண்டன் அச்சகத்தார் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல ஈ மைனரில் இருக்கும். டி விசிலில் அது ஆகாது, மெட்டு கீழே பி வரை இறங்கும், விசில் டி-யோடு நின்றுவிடும். ஏ-க்கு மாற்றினால் கீழ் ஈ முதல் மேல் ஜி வரை எல்லாம் அடங்கும். சி மட்டும் நேச்சுரல், எஃப் ஷார்ப் அப்படியே: கரகரப்பிரியா.

முதல் பகுதி: ஏ மைனர், ஜி, ஏ மைனர், ஈ, ஏ மைனர், ஜி, ஏ மைனர்–ஈ, ஏ மைனர். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வரியும் சி-யில் தொடங்கும், மற்றவை அதேதான்.

அந்த ஈ மேஜர் கார்டு. அதில் ஜி ஷார்ப் இருக்கிறது. விசில்காரர் அதே நேரத்தில் சாதா ஜி ஊதினால் பல் கூசும். மூன்றாவது துளையைப் பாதி மூடி ஜி ஷார்ப் எடுக்கப் பழக வேண்டும். விரலை நகர்த்தாமல் சற்றே உருட்டினால் வரும். அது நிலைக்கும் வரை கிட்டார்காரர் ஈ கார்டில் 3ஆம் கம்பியைத் தொட்டு அடக்கி 0-2-2, பிறகு கடைசி இரண்டு கம்பிகள் திறந்து என்று மீட்டட்டும், விசில் சாதா ஜி ஊதட்டும். நாட்டார் பாணியில் அதுவும் செல்லும். ஒருவர் ஒரு வழி, மற்றவர் இன்னொரு வழி என்பது மட்டும் ஆகவே ஆகாது.

நாக்கும் மாற வேண்டும். 1535இல் வெனிஸில் வெளியான கனாஸியின் ‘ஃபொன்தெகாரா’ என்ற, ரெக்கார்டர் குழல் வாசிக்கக் கற்றுத்தரும் நூல் ‘தெ கெ’, ‘தெ ரெ’, ‘லெ ரெ’ என்று நாக்குச் சொற்களையே தருகிறது. ஜிக்கில் வேண்டாம் என்று சொன்ன நாக்கை இங்கே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பயன்படுத்துங்கள். கட் போடாதீர்கள்; போட்டால் பவான் நடனமும் அயர்லாந்துக்குப் போய்விடும்.

பவான் என்பது நிதானமான ஊர்வல நடை. 1589இல் வெளிவந்த ஆர்போவின் நடன நூலில் அதற்கான மேள அடி இருக்கிறது: ஒரு நெடில், இரண்டு குறில், திரும்பத் திரும்ப. கிட்டாரின் உடலில் கட்டைவிரல் பக்கத்தால் அதைத் தட்டியே ஒரு சுற்றை ஓட்டலாம். விசிலும் தட்டும் மட்டும் ஒலிப்பது இந்த இசைக்கு நன்றாகவே பொருந்தும்.

லூட் என்ற பழைய கம்பிக் கருவிக்கு எழுதிய டாப்லச்சர் (எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று காட்டும் குறிப்பு) வாசிக்க ஆசை வந்தால் 3ஆம் கம்பியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள். கூடவே 3ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடச் சொல்வார்கள், அப்போது ஜி லூட்டின் சுருதி வரும். விசில் கூட இருந்தால் கேப்போ வேண்டாம். ஜி-யில் கரகரப்பிரியா சாயலில் எழுதிய லூட் இசைக்கு பி ஃபிளாட்டும் எஃப் நேச்சுரலும் வேண்டும், விசிலில் அவை பாதித் துளை வேலை. கேப்போவைக் கழற்றினால் அதே விரல்களில் இசை ஈ-க்கு இறங்கும். அந்த ஸ்வரங்கள் அனைத்தும் டி விசிலில் பாதித் துளை இல்லாமலே கிடைக்கும்.

படி 5: கச்சேரி வரிசை, மைக்

இரண்டையும் கலந்து கலந்து வாசிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மூன்று கம்பிகளின் சுருதியை மாற்ற வேண்டியிருக்கும். மறுமலர்ச்சிப் பகுதி முதலில், இடைவேளையில் டியூனிங் மாற்றம், பிறகு கெல்டிக். கம்பியை இறக்கும்போது தேவையைவிடச் சற்றுக் கீழே போய், திரும்ப மேலே ஏற்றி நிறுத்துங்கள். நேராக இறக்கி விட்டால் வாசிக்க வாசிக்க நழுவும். இரண்டாவது கிட்டார் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

விசில் மைக்கை அடி நுனியில் வைக்காதீர்கள். ஒலி முக்கியமாக மவுத்பீஸில் வெட்டியிருக்கும் சன்னலிலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. சன்னலுக்கு ஒரு சாண் தள்ளி, மூச்சு நேரே படாதபடி பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மேல் ஸ்தாயி காதைக் குத்தினால் மிக்ஸரில் 2–3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நடுவில் எச்சில் அடைத்து ஒலி மங்கினால் சன்னலை விரலால் மூடி ஒரு முறை வேகமாக ஊதுங்கள். அடிக்கடி அடைக்கிறது என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளியை மூச்சுப் பாதையில் ஓடவிட்டு, துடைக்காமல் காயவையுங்கள்.