முதல் மடக்குக்கத்தி: சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்குக்கத்தி சேகரிக்கிற எவரிடமும் ஒரு முதல் கத்தி இருக்கும். தாத்தாவின் மேசை இழுப்பறையில் கிடந்ததாக இருக்கலாம், பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்ததாக இருக்கலாம். அந்த ஆசை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில்தான் அந்தக் கத்திக்கு அதிகச் சேதம் நேர்கிறது. அறுபது ஆண்டுகள் இழுப்பறையில் பத்திரமாகக் கிடந்த கத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் "புதுசு போல ஆக்கிவிடலாம்" என்ற ஆர்வத்தில் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டதில் பாதியைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது. அதனால் முதல் கத்தி கைக்கு வந்ததும் எதையும் தேய்க்காதீர்கள், தீட்டாதீர்கள். முதலில் பாருங்கள்.

பார்ப்பது என்றால் எதை? கத்தியை மூடிய நிலையில் கண்ணுக்கு நேரே பிடித்து, அலகின் நுனியைக் கவனியுங்கள். நுனி பிடிக்குள் அடங்கியிருக்கிறதா, மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா? பல ஆண்டுகள் தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகில் வெட்டுவிளிம்பு முதுகை நோக்கி ஏறிவிடும். நுனியும் கூடவே ஏறுவதால், மூடும்போது வெளியே எட்டிப் பார்க்கும். துணியில் மாட்டுகிறது, விரலைக் கீறுகிறது என்று அதைக் கீழே இறக்கப் பார்ப்பார்கள். அலகின் அடிப்பகுதியில், வெட்டுவிளிம்பு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிறு புடைப்பு ஒன்று உண்டு. மூடும்போது அதுதான் பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டையான வில்லின்மேல் உட்கார்ந்து, வெட்டுவிளிம்பு வில்லைத் தொடாமல் காக்கிறது. அந்தப் புடைப்பை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் நுனி இறங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மூடும்போதும் வெட்டுவிளிம்பு எஃகு வில்லின்மேல் போய் மோதும். எவ்வளவு தீட்டினாலும் ஒரே இடத்தில் மழுங்கிக்கொண்டே இருக்கிற கத்திகளில் இந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது எளிது. பிடிக்குள் அலகு இறங்கும் பள்ளத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து, மெதுவாக மூடித் திறங்கள். காகிதத்தில் வெட்டோ அழுத்தமான கோடோ விழுந்தால் விளிம்பு வில்லைத் தொடுகிறது. புடைப்பு நல்ல நிலையில் இருக்கிற கத்தியையும் "டப்" என்ற சத்தத்துக்காக விரலை விட்டு அறைந்து மூடிப் பழகக் கூடாது. வில் மென்மையாக இழுத்து மூடட்டும், கடைசிவரை விரல் கூடவே போகட்டும்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய குழப்பம். பழைய கார்பன் எஃகு அலகில் இரண்டு வகை நிறம் இருக்கும். ஒன்று செம்பழுப்பு. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சிவப்பாக ஒட்டும். இதுதான் துரு. இது பொடிப்பொடியாக, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, அடியில் இருக்கிற எஃகைத் தின்றுகொண்டே போகும். இன்னொன்று சாம்பல், நீலம், கறுப்பு கலந்த படலம். துடைத்தால் வராது, தொட்டால் வழவழப்பாக இருக்கும். பயன்பட்ட கத்தியில் தானாக உருவாகும் பாதுகாப்புப் படலம் இது. சேகரிப்பாளர்கள் இதை "பட்டினா" என்பார்கள். முதலாவதை எடுக்க வேண்டும், இரண்டாவதைத் தொடவே கூடாது. உப்புத்தாளோ மோட்டாரில் சுழலும் பாலிஷ் சக்கரமோ இரண்டையும் வேறுபடுத்தாது. எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடும். கூடவே அலகின் அடியில் தயாரிப்பாளர் பதித்த முத்திரையின் ஓரங்கள் மழுங்கும், அலகின் பக்கவாட்டில் இருந்த மெல்லிய எழுத்துப் பொறிப்பு காணாமல் போகும், கூர்மையாக இருந்த விளிம்புகள் உருண்டுபோகும். பளபளப்பு கிடைக்கும், ஆனால் அந்தக் கத்தியின் வயதையும் பிறப்பையும் சொல்லக்கூடிய அடையாளங்கள் போய்விடும்.

சிவப்புத் துருவை எடுக்கிற முறை இதுதான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு நாள் முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் கூராகச் சீவிய மூங்கில் குச்சியாலோ, எஃகைவிட மிருதுவான செம்பு அல்லது பித்தளைத் துண்டின் ஓரத்தாலோ சுரண்டுங்கள். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய். இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம். துரு போன பிறகு சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அப்படியே விடுங்கள். குழியை மறைக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள எஃகு முழுவதையும் குழியின் ஆழத்துக்குக் குறைத்தாக வேண்டும், அது கட்டுப்படியாகாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: சமையல் எண்ணெயைக் கீலில் விடுவது. முதல் மாதம் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு காற்றுபட்டு இறுகி, மஞ்சள் பிசினாக மாறித் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். பழைய கத்தி ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் துருவோடு இந்தப் பிசினும் காரணமாக இருக்கலாம். அப்படி இறுகிய அலகை இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். திறக்க நகத்தை மாட்டும் நகக்குழியின் உதடு பிய்ந்துவிடும், அலகில் பல் பதியும். திருப்புளியை நுழைத்து நெம்பினால் நுனி ஒடியும். கீலில் எண்ணெய் விட்டு, கத்தியை அலகு மேலே வரும்படி ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். பிறகு தோல் துண்டால் அலகின் முதுகைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். கால் அங்குலம் நகர்ந்தாலும் மூடி, மறுபடி எண்ணெய் விடுங்கள். வெளியே வரும் எண்ணெய் கறுப்பாக இருக்கும். அது தெளிவாக வரும்வரை திறந்து மூடித் துடைக்க வேண்டும். ஒரே வில்லின் இரு முனைகளிலும் அலகு உள்ள கத்தி என்றால், ஒன்றை முழுக்க மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டையும் பாதியில் நிறுத்தினால் அந்த ஒற்றை வில் இரு பக்கமும் வளைந்து நிற்கும்.

வெந்நீரில் ஊறப்போடுவது இன்னொரு குறுக்கு வழி. எலும்பு, கொம்பு, மரம் மூன்றும் நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கும். தறையாணி அடித்த இடத்திலிருந்து முடிபோன்ற விரிசல் கிளம்புவது அப்படித்தான். முத்துச்சிப்பிப் பிடி சுண்ணாம்புப் பொருள். வினிகர் பட்டால் அதன் மினுக்கம் கரைந்து மங்கிவிடும். விக்டோரினாக்ஸ் கத்திகளின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடியை நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனால் துடைத்தால் மேற்பரப்பு இளகிக் குழைந்துவிடும். பிடிக்கு உள்புறம் இருக்கும் பித்தளைத் தகட்டில் அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டால், நாளடைவில் அழுத்தமுள்ள இடங்களில் வெடிப்பு விடும். அலகு ஆடுகிறதே என்று தறையாணியைச் சுத்தியால் தட்டுவதும் இதே ரகம்தான்: ஆணி இறுகலாம், எலும்புப் பிடி பிளந்துவிடும். அந்த வேலையைக் கத்தி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

செல்லுலாய்டு பிடிகளுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 1900களின் முற்பாதியில் ஆமையோடு போலவும் முத்துச்சிப்பி போலவும் அழகாகத் தெரியும் பிடிகளை நைட்ரேட் ஏற்றிய செல்லுலோசும் கற்பூரமும் சேர்த்துச் செய்தார்கள். வயதானால் இது சிதையத் தொடங்கி, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அடையாளம் இப்படி இருக்கும்: பிடியை ஒட்டிய அலகுப் பகுதியில் மட்டும் திடீர்த் துரு, மேற்பரப்பில் வலைபோன்ற வெடிப்பு, மூக்கில் ஏறும் நெடி. இப்படிப்பட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடி வைத்தால், ஒன்றின் நோய் பெட்டி முழுக்கப் பரவும். காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் தனியே வையுங்கள். எந்தப் பொருளால் ஆன பிடி என்று கண்டுபிடிக்கப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

தீட்டலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: தொழிற்சாலையில் போட்ட முதல் கூர் அப்படியே இருந்தால் தொடாதீர்கள். ஒரே ஒரு முறை கல்லில் உரசினாலும் அது பிறகு "பயன்படாத கத்தி" ஆகாது, அதற்கேற்ப மதிப்பும் இறங்கும். ஏற்கெனவே பயன்பட்ட கத்தி என்றால் தீட்டுவதில் குற்றமில்லை, ஆனால் கையால் தீட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணம் போதும். அலகின் அகலம் 12 மி.மீ. என்றால், கல்லிலிருந்து முதுகுப் பக்கம் 3 முதல் 4 மி.மீ. வரை உயர்ந்திருக்க வேண்டும். 1000 எண் கல்லில் தொடங்கினால் பெரும்பாலும் அதற்கும் கரடான கல் தேவைப்படாது. மோட்டார் சாணையில் வைத்தால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகும். எஃகில் நீல நிறம் ஓடினால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது.

வயதைக் கணிப்பதில் வருகிற தவறுகள் வேறு வகை. அலகின் அடியில் "ஷெஃபீல்டு", "சோலிங்கன்" என்று இருந்தால் அது தயாரிப்பாளர் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவது இங்கிலாந்திலும் இரண்டாவது ஜெர்மனியிலும் உள்ள கத்தி நகரங்கள். தயாரிப்பாளரின் பெயரோ குறியோ பக்கத்திலோ அலகின் மறுபுறத்திலோ இருக்கும். "லகியோல்" என்பதும் ஒரு நிறுவனம் அல்ல. அது ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர், அந்த ஊரிலிருந்து பரவிய கத்தி வடிவத்தின் பெயர். பல ஊர்களில், பல தரத்தில் அது தயாராகிறது. "இனாக்ஸ்", "ரோஸ்ட்ஃப்ரை" என்ற சொற்களுக்குத் துருப்பிடிக்காதது என்றுதான் பொருள். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருவாக்கியது 1913இல். ஆகவே அப்படிப் பொறித்த அலகை "1800களின் கத்தி" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டியதில்லை.

பிரான்சின் ஓப்பினெல் கத்திகளில் திறந்த அலகைப் பூட்டும் வளையம் இல்லையென்றால் மிகப் பழையது என்று ஒரு நம்பிக்கை உண்டு. வளையம் 1955இல் வந்தது உண்மைதான். ஆனால் 2 முதல் 5 வரையிலான சிறிய அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது, 6ஆம் எண்ணிலிருந்துதான் உண்டு. எண்ணைப் பார்க்காமல் வயதைச் சொல்ல முடியாது.

"கேஸ்" என்ற அமெரிக்க நிறுவனத்துக் கத்திகளின் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற முத்திரைகளையும் கவனமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். 1940 முதல் 1964 வரை "கேஸ் எக்ஸ்எக்ஸ்" என்று மட்டும் இருந்தது. 1965 முதல் 1969 வரை அதன் கீழ் "யு.எஸ்.ஏ." சேர்ந்தது. 1970இல் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்துகொண்டே போனது. ஏழு புள்ளி என்றால் 1973. மாதிரி எண்ணும் பேசும்: 6254 என்றால், 6 எலும்புப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 வடிவம். எலும்புப் பிடி எண்ணோடு மஞ்சள் பிளாஸ்டிக் பிடி இருந்தால் எங்கோ ஏதோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய அலகைக் கண்டுபிடிப்பதும் இந்த வழியில்தான். முத்திரை புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருக்க, அலகு மட்டும் தேய்ந்திருக்கிறதா? பிடியின் முனையில் உள்ள உலோகப் பூணில் தறையாணியின் தலை மட்டும் சுற்றியுள்ள உலோகத்தைவிட வெளிறித் தெரிகிறதா? அங்கே சந்தேகப்படுங்கள். அளவு சொல்லும்போது மூடிய நிலையில் பிடியின் நீளத்தைத்தான் சொல்ல வேண்டும். திறந்த நீளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பட்டியல்களில் தேடினால் எதுவும் பொருந்தாது.

வைக்கும் இடம். தோல் உறையில் போட்டு வைப்பது பார்க்க அழகு, கத்திக்கு நஞ்சு. தோல் பதனிடும் பொருள்களும் தோல் பிடித்துவைக்கும் ஈரமும் அலகில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் கொண்டுவரும். உறையைத் தனியே வையுங்கள். ரப்பர் பேண்டும் ஆகாது, அதில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு, காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். அதற்கும் கீழே மிகவும் உலர்ந்துபோனால் எலும்பும் மரமும் சுருங்கும். கையால் தொட்ட பிறகு துடைக்காமல் வைத்தால் விரல் ரேகை வியர்வை உப்போடு அலகில் படிந்து, சில நாட்களிலேயே ரேகை வடிவத்தில் துருவாக நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு கொடுங்கள்.

தந்தப் பிடி உள்ள கத்தியை வாங்கவோ விற்கவோ எல்லை தாண்டி அனுப்பவோ நினைத்தால் சட்டத்தைக் கேட்டுவிட்டு நகருங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது. பழைய பொருள் என்றால் விதிவிலக்கு உண்டா, எந்த ஆவணம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளுக்கும் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திகளுக்கும் இப்படித்தான்.

கடைசியாக, குறிப்பு எழுதாமல் விடுவது. சேகரிப்பு ஐம்பது கத்திகளைத் தாண்டியதும் எது எங்கே வந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கப் படம், முத்திரையின் நெருக்கமான படம், மூடிய நீளம், வந்த தேதி, கொடுத்தவர் பெயர், அவரிடம் எப்படி வந்தது என்ற விவரம் இருக்கட்டும். பென்சிலால் தனித் தாளில் எழுதுங்கள், பிடியில் பசைத்தாள் ஒட்ட வேண்டாம். முதல் கத்தியின் பூணில் முந்தைய உரிமையாளர் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தால் அவற்றையும் படமெடுத்து வையுங்கள். அவற்றைத் தேய்த்து அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது யாருடைய கத்தி என்று சொல்வதற்கு அந்த இரண்டு எழுத்துகளைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லாமல் இருக்கலாம்.