'தேசப் பாதுகாப்பு' என்று சொல்லித் தகவலை மறுத்தால் என்ன செய்வது: வேலூர் மாவட்ட மனுதாரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு போடுபவர்களுக்கு வரும் மறுப்புக் கடிதங்களில், நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, தனிநபர் விவரம் ஆகிய மூன்று காரணங்களே மக்களை அதிகம் மிரள வைக்கின்றன. இந்தச் சொற்களைக் கண்டதும் பலர் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடத் தேவையில்லை. மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 19(5) பிரிவு, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் மீதே வைக்கிறது. மறுப்புக்கான காரணம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற மூன்றையும் கடிதத்தில் எழுதியாக வேண்டும் என்கிறது 7(8) பிரிவு. எனவே கடிதம் கைக்கு வந்ததும் முதலில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆனால் பாதி வெற்றி, கேள்வியை அமைக்கும் விதத்திலேயே இருக்கிறது. வேலூர் காந்தி ரோட்டையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் எடுத்துக்கொள்வோம். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வரும் நோயாளிகளும் உடன் வருபவர்களும் அங்குள்ள லாட்ஜுகளில் தங்குகிறார்கள். அவர்களைப் பற்றிய விவரத்தை, 'சி' படிவம் என்று அறியப்பட்டுவந்த படிவத்தில், லாட்ஜ் நடத்துபவர் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். "தங்கிய வெளிநாட்டவர் பட்டியல் தருக" என்று கேட்டால் மறுப்பு வரும்; அது நியாயமான மறுப்பும்கூட. நோயோடு வந்தவரின் பாஸ்போர்ட் எண் நமக்கு எதற்கு? அதற்குப் பதிலாக, "கடந்த நிதியாண்டில் வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் பெறப்பட்ட வெளிநாட்டவர் தங்கல் விவரப் படிவங்கள் குறித்துத் தயாரிக்கப்பட்ட மாதாந்திர அறிக்கைகளின் நகல், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் நீக்கி" என்று கேளுங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைத்தான் தர வேண்டும். புதிதாகத் தொகுத்துத் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. அதனால் 'அறிக்கை', 'கோப்புக் குறிப்பு', 'அரசாணை' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது.

மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இந்த உரிமையைத் தருகிறது. ஆகவே முகாமின் வீடு, தண்ணீர், உதவித்தொகை பற்றிய மனுவை இந்தியக் குடிமகன் ஒருவர் தம் பெயரில் போடுவதே பாதுகாப்பு. முகாமுக்கு ஒதுக்கிய தொகையும் செலவும் கேட்கும்போது, அவை வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் என்ற பதில் நிற்காது. குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டால், தனிநபர் விவரம் என்ற மறுப்பு நிற்கும்.

மறுப்பில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை நுணுக்கமாகப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்புக்கும் வெளிநாட்டு உறவுக்கும் பாதகம் என்றால் அது 8(1)(ஏ). வெளிநாட்டு அரசு நம்பிக்கையின் பேரில் தந்த தகவல் என்றால் அது 8(1)(எஃப்). இரண்டும் ஒன்றல்ல. 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வைப் பற்றிய தகவலுக்கு 8(3) பிரிவின்படி (எஃப்) விலக்கு பொருந்தாது. (ஏ) விலக்கு அப்போதும் பொருந்தும். 1974, 1976 ஆண்டுகளில் இலங்கையோடு செய்த கடல் எல்லை உடன்படிக்கைகள் போன்ற பழைய விஷயங்களைக் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். கச்சத்தீவு பற்றிய வெளியுறவு அமைச்சக ஆவணங்கள் 2024-இல் தகவல் உரிமை மனு வழியாகவே வெளிவந்தன. அயல்நாடு சம்பந்தப்பட்ட கோப்பு என்பதாலேயே அது பூட்டப்பட்ட கோப்பு ஆகிவிடாது.

தனிநபர் விவரம் என்ற மறுப்பு இப்போது முன்பைவிடக் கடுமையானது. பழைய 8(1)(ஜே) பிரிவில் பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசகம் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது குடிமகனைக் காக்கத்தான்; அதே சொல்லை அதிகாரியின் கேடயமாக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. இனி நமக்கு எஞ்சியிருப்பது 8(2) பிரிவு: வெளியிடுவதால் வரும் பொதுநலன், வரக்கூடிய தீங்கைவிடப் பெரிதாக இருந்தால், 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது அது. மனுவிலேயே 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். மனுவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொன்னாலும், இத்தகைய கேள்விகளில் சொல்வதே பலன் தரும்.

முதல் மேல்முறையீட்டை மறுப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் காவல்துறையின் முகமறி மென்பொருள் பற்றிக் கேட்டு மறுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்: "கேமராக்கள் இருக்கும் இடங்களை நான் கேட்கவில்லை. கொள்முதல் ஆணை, செலவு, படங்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற விதி ஆகியவற்றையே கேட்டேன். இவற்றை வெளியிடுவதால் நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வகையில் பாதகம் நேரும் என்று பதிலில் விளக்கப்படவில்லை. இரகசியமான பகுதி இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அதைப் பிரித்துவிட்டு எஞ்சியதைத் தரக் கோருகிறேன்." பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021-லும், மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கில் 2023-லும், தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் அரசு விலகிக்கொள்ள முடியாது, அதற்கு அடிப்படை காட்ட வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. இவை தகவல் உரிமை வழக்குகள் அல்ல என்பதை ஒப்புக்கொண்டே மேற்கோள் காட்டுங்கள். மிகைப்படுத்தினால் அலுவலர் அதைப் பிடித்துக்கொள்வார்.

உளவுத்துறை போன்ற, 24-ஆம் பிரிவில் விலக்குப் பெற்ற அமைப்பு என்றால் பாதை குறுகலானது. ஊழல் அல்லது மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல் என்று காட்டினால் மட்டுமே கேட்க முடியும். குற்றச்சாட்டை ஆதாரத்தோடு சொல்ல முடியாவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாநில அலுவலகங்களுக்கான மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தமிழிலேயே எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதுவும் மறுப்பாகவே கருதப்படும். முதல் மேல்முறையீட்டிலும் தீர்வு வராவிட்டால், 90 நாள்களுக்குள் மாநில அலுவலகம் என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும், மத்திய அமைச்சகம் என்றால் டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். மனு, மறுப்பு, முதல் மேல்முறையீடு, அதன் உத்தரவு, தபால் ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பக்க எண் இட்டு இணையுங்கள்.