ஒரு சென்ட், பன்னிரண்டு பார்: உருளைக்கிழங்குக்கு உரம் வைத்துப் பார்ப்போம்

யூரியாவை அள்ளிப் போட்டால் கிழங்கை அள்ளலாம் என்று நினைத்துத்தான் ஊட்டிப் பக்கம் என் முதல் போகத்தைத் தொடங்கினேன். செடி தொடை உயரத்துக்கு வந்தது, கரும்பச்சை. வழியில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். தோண்டினால் பாதிக்கு மேல் கோலிக்குண்டு. பெரிதாக இருந்த சிலவற்றைக் கையில் எடுத்தால் தோல் உரிந்து வந்தது. எங்கே தப்பு என்று புரிய எனக்கு இரண்டு போகம் பிடித்தது. நீங்கள் ஒரு சென்ட் நிலத்தில் ஒரே போகத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு. நீலகிரி மலைப்பகுதிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம், தழைச்சத்து (நைட்ரஜன்; யூரியாவில் வருவது) 120 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்; சூப்பர் பாஸ்பேட்டில் வருவது) 240 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்; பொட்டாஷில் வருவது) 120 கிலோ, கூடவே 60 கிலோ மெக்னீசியம் சல்பேட். இந்தச் சத்துகளைக் கடை உரத்தின் எடையாக மாற்றிச் சென்ட்டுக்குச் சுருக்கினால்:

தொழு உரம் 60 கிலோ
யூரியா 1,050 கிராம்
சூப்பர் பாஸ்பேட் 6 கிலோ
பொட்டாஷ் 800 கிராம்
மெக்னீசியம் சல்பேட் 240 கிராம்

மணிச்சத்து மட்டும் ஏன் இரண்டு மடங்கு? மலை மண் புளிப்பு. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் போடுவதில் செடிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். சமவெளியில் இதே கணக்கைப் போடாதீர்கள். எங்கே பயிரிட்டாலும் மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் நல்லது.

புளிப்பு அதிகம் என்று சுண்ணாம்பைக் கொட்டிவிடவும் வேண்டாம். மண்ணின் புளிப்பு ரொம்பக் குறைந்தால் கிழங்கில் சொறி வரும். எடை குறையாது, ஆனால் மண்டியில் விலை குறையும்.

படி 1: பார் பிடிப்பது. 18 அடிக்கு 24 அடி இடம் கிட்டத்தட்ட ஒரு சென்ட். 2 அடிக்கு ஒரு பார் (கிழங்கு நட உயர்த்திய மண் வரிசை) என்றால் 12 பார் வரும். நன்றாக மக்கிய தொழு உரத்தை மட்டும் கலந்து கொத்துங்கள். பச்சைச் சாணம் ஆகாது.

படி 2: அடியுரமும் விதையும். சூப்பர், பொட்டாஷ், யூரியா மூன்றிலும் பாதி, மெக்னீசியம் சல்பேட் முழுவதும். 12 பாருக்கும் சமமாகப் பிரித்துச் சாலில் இட்டு, மேலே மண் தள்ளி, அதற்கு மேல் விதைக்கிழங்கை வையுங்கள். உரம் விதையைத் தொட்டால் முளை கருகும். 8 அங்குலத்துக்கு ஒன்று, 40 கிராம் அளவில், முளை கட்டியது. மொத்தம் 12, 13 கிலோ விதை போதும்.

படி 3: 30-ம் நாள் மேலுரம். முழுச் சோதனையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. மீதி சூப்பரையும் பொட்டாஷையும் எல்லாப் பாருக்கும் சமமாக வையுங்கள். யூரியாவை மட்டும் மாற்றுங்கள்:

முதல் 4 பார்: யூரியா இல்லை
நடு 4 பார்: நான்குக்கும் சேர்த்து 175 கிராம்
கடைசி 4 பார்: நான்குக்கும் சேர்த்து 350 கிராம்

குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். செடி மூடியபின் எல்லை தெரியாது. உரத்தைச் செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி இட்டு மண்ணால் மூடுங்கள். 45, 60-ம் நாட்களில் மண் அணைக்க வேண்டும். வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகிவிடும், அதை எந்த உரமும் காப்பாற்றாது.

சரி, மண்ணுக்குள் என்ன நடக்கிறது? இலை சூரிய ஒளியில் மாவுச்சத்தைச் செய்கிறது, கிழங்கு அதைச் சேர்த்து வைக்கிறது. தழைச்சத்து குறைந்தால் இலை சிறுத்துச் சீக்கிரம் பழுக்கும், அதனால் விளைச்சல் குறையும். மிஞ்சினால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். கிழங்கு பிடிப்பதும் முற்றுவதும் தள்ளிப்போகும். என் கோலிக்குண்டுக்குக் காரணம் அதுதான். தோல் உரிந்ததும் முற்றாததால்தான். போதாததற்கு, அடர்ந்த இலைக்குள் ஈரம் தங்கிப் பின்கருகல் நோய்க்கும் வசதி செய்து கொடுத்திருந்தேன்.

இலை செய்த மாவைக் கிழங்குக்குக் கொண்டுசேர்ப்பதில் சாம்பல்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அறுவடையில் வயலை விட்டு அதிகம் வெளியேறும் சத்தும் அதுவே. குறைந்தால் கிழங்கு சிறுக்கும், அடிபட்ட இடம் உள்ளே கறுக்கும். சிப்ஸுக்கு என்றே பயிரிடுபவர்கள் சாதாரண பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் பொட்டாஷ் வாங்கலாம். சாதாரண பொட்டாஷில் உள்ள குளோரைடு கிழங்கில் நீரைக் கூட்டி மாவைக் குறைக்கும். வீட்டுக் குழம்புக்கு அந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. ஒரு திட்டில் மட்டும் செடி மஞ்சளாகிக் குட்டையாக நின்றால் உடனே யூரியா டப்பாவைத் தூக்காதீர்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். ஊசித்தலை அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு. நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. உரம் போட்டு அதைத் தீர்க்க முடியாது. இதைத் தாங்கும் குப்ரி சுவர்ணா போன்ற ரகமும் பயிர்ச் சுழற்சியும்தான் வழி.

படி 4: அறுவடை. இலை பழுத்தபின் தண்டை அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் விட்டால் தோல் இறுகும். 12 பாரையும் ஒரே நாளில் தோண்டுங்கள். நான்கு நான்கு பாராகத் தனித்தனியே எடை போட்டு, பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரித்து நோட்டில் எழுதுங்கள். அதிக யூரியாப் பாரில் மொத்த எடை கூடினாலும் பொடி எவ்வளவு என்று பாருங்கள். தொழு உரம் தாராளமாக உண்ட மண் என்றால் முதல் நான்கு பாருக்கும் நடுப் பாருக்கும் வித்தியாசம் குறைவாகவே இருக்கும். அப்படியென்றால் அடுத்த போகத்தில் யூரியாச் செலவு மிச்சம்.

படி 5: உப்புத்தண்ணீர். எனக்கு மிகவும் பிடித்த படி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பு என்ற அளவில் வாளியில் கரையுங்கள். ஒவ்வொரு நான்கு பார் பிரிவிலும் ஒரே அளவுள்ள பத்துக் கிழங்கைக் கழுவித் துடைத்து உள்ளே விடுங்கள். மூழ்கினால் காய்ந்த பொருள் (நீர் போக மிஞ்சுவது) ஏறக்குறைய 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும்: மாவுக்கிழங்கு, வறுவலுக்கு ஏற்றது. மிதந்தால் நீர்க்கிழங்கு. அதிக யூரியாப் பாரில் மிதப்பவை கூடுதலாக வரும் என்று எதிர்பார்க்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கிழங்கைச் சீவி ஒரே எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். முற்றாத கிழங்கில் சர்க்கரை மிச்சம் இருப்பதால் சீக்கிரம் கறுக்கும். பிரிட்ஜில் வைத்ததை இதற்கு எடுக்க வேண்டாம். குளிரில் மாவு சர்க்கரையாகி, எந்தப் பாரின் கிழங்கும் ஒன்றுபோலக் கறுக்கும்.