ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் ஸ்பீக்கரின் டெசிபலைப் பாருங்கள்

காரின் ஒலியமைப்பை மேம்படுத்த எண்ணுவோர், ஆம்ப்ளிஃபையருக்குப் பணம் ஒதுக்கும் முன், ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஒலி தரும் என்ற அளவு) என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, 90 டெசிபலுக்குக் குறையாததை வாங்குவது சிக்கனம். ஒலி 3 டெசிபல் கூடுவதற்கு இருமடங்கு வாட் தேவை என்பதால், 87 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் ஒலியை 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். காரோடு வரும் ஸ்டீரியோ, முகப்பில் 50 வாட் என்று போட்டிருந்தாலும், பெரும்பாலும் தொடர்ந்து தருவது அந்த 20 வாட் அளவுதான். சென்சிட்டிவிட்டி எண் 1 வாட்டுக்கு அளந்ததா என்றும் கவனியுங்கள். 2.83 வோல்ட் என்று குறித்திருந்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட் ஆகிவிடுவதால், 3 டெசிபல் கழித்தே ஒப்பிட வேண்டும். கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்வது அரிது.

கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்த் தெருக்களில் ஓட்டுவோருக்கு இதுவே போதும். சப்வூஃபர் (தாழ்ந்த அதிர்வொலிக்கான தனி ஸ்பீக்கர்) சேர்க்க விரும்புவோருக்கும், தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டுக் கேட்போருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் செம்பு பூசிய அலுமினிய ஒயர் எளிதில் அரித்துவிடும் என்பதால், ஆம்ப்ளிஃபையருக்குச் சுத்தச் செம்பு ஒயரையே கேட்டு வாங்குங்கள்.