வசனத்தோடு ஒட்டாத டிவிடி சப்டைட்டிலைச் சரிசெய்தல்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் முன்பு வாங்கிய டிவிடியிலிருந்து பிரித்தெடுத்த சப்டைட்டிலை வேறொரு வீடியோ பிரதியோடு ஓட்டும்போது வசனம் ஒட்டாவிட்டால், படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வசனம் வீதம் பார்த்து, எத்தனை நொடி விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சமமானால், சப்டைட்டில் எடிட் மென்பொருளில் எல்லா வரிகளையும் அத்தனை நொடி நகர்த்தினால் போதும்.

விலகல் போகப்போக வளர்ந்தால் கோளாறு பிரேம் வேகத்தில்தான், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் (பிரேம்) ஓடுகின்றன என்பதில்தான். நம் நாட்டில் வழக்கமான பால் (PAL) எனும் வீடியோ முறை டிவிடி நொடிக்கு 25 பிரேம் ஓடுவது; கையிலுள்ள வீடியோ 23.976 பிரேமில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் சப்டைட்டில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் முந்திவிடும். அப்போது பிரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்ற வேண்டுமே தவிர, நொடிக்கணக்கில் தள்ளிப் பார்ப்பது வீண் வேலை. நடுவில் திடீரென விலகினால் அங்கே காட்சி வெட்டுப்பட்டிருக்கும். அந்த வரியிலிருந்து கடைசிவரை மட்டும் நகர்த்த வேண்டும்.